செக் தொலைஞ்சு போச்சா? கடன் தொலையலே சார்!

பர்ஸ் தொலைந்தால் உள்ளே இருந்த பணத்துக்காக ஒரு நாள் அழுவோம். உள்ளே ஒரு செக்கும் இருந்திருந்தால்? அதுக்கு எத்தனை நாள் அழணும்னு யாரும் சொல்லித் தருவதில்லை. ஸ்கூலில் சொல்லித் தரலை, ஆபீஸில் சொல்லித் தரலை, கல்யாணமான பிறகு வீட்டில் சொல்லித் தருவார்கள், ஆனால் அது வேறு பாஷையில்!

அனகாபுத்தூரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் தறிச் சத்தம். வாழை நாரில் சேலை நெய்து பேர் வாங்கிய ஊர். இன்னொரு பக்கம் காலையில் பல்லாவரம் ஸ்டேஷனுக்குப் பறக்கும் ஆபீஸ் கூட்டம். 2021-ல் தாம்பரம் மாநகராட்சியோடு ஊர் சேர்ந்தாச்சு. டீக்கடையில் கூட செல்போனைக் காட்டிக் காசு கொடுக்கிறார்கள். ஆனால் நூல் வாங்க, வீடு கட்ட, தங்கச்சி கல்யாணத்தை நடத்த என்று பெரிய தொகை கைமாறும்போது செக், டி.டி., புரோநோட்டு என்ற மூன்று பழைய பேப்பர்கள் இன்னும் வந்து நிற்கின்றன.

இந்த ஊரில் மூன்று பேரைக் கற்பனை செய்துகொள்வோம். பேர் வேண்டாம், ஆள் போதும்.

ஒருத்தர் நெசவாளர். சேலை எடுத்த வியாபாரி கொடுத்த 40,000 ரூபாய் செக்கைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். இறங்கும்போது பை இருந்தது, செக் இல்லை.

இரண்டாமவர் ஆபீஸ் உத்தியோகம். தம்பியின் காலேஜ் ஃபீஸுக்கு டி.டி. எடுத்தார். ஜெராக்ஸ் எடுக்கப் போன இடத்தில் ஜெராக்ஸை பத்திரமாக வாங்கிக்கொண்டு ஒரிஜினலை விட்டுவிட்டு வந்தார்.

மூன்றாமவர் ரிடையர்டு. தெரிந்த ஒருத்தருக்கு ஒரு லட்சம் கடன் கொடுத்து புரோநோட்டு எழுதி வாங்கி பீரோவில் வைத்தார். மழைத் தண்ணீர் பீரோவுக்குள் புகுந்தது. 2015 டிசம்பரில் அடையாறு ஆறு வீட்டுக்குள் விருந்தாளியாக வந்தபோது என்னென்ன பேப்பர் கூழாகப் போயின என்று இந்தப் பக்கத்து ஜனங்களைக் கேட்டால் பட்டியலே கொடுப்பார்கள்.

மூன்று பேருக்கும் ஊர் சொல்லும் தீர்ப்பு ஒன்றுதான்: "போச்சு போ!"

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தொலைந்தது பேப்பர்தான், பாக்கி தொலையவில்லை என்கிறது. ஆனால் கூடவே இரண்டு நிபந்தனை போடுகிறது. முதலில் ஓடணும். அப்புறம் ஒரு பொறுப்பை ஏத்துக்கணும்.

திருட்டு சைக்கிளும் திருட்டு நோட்டும்

திருட்டு சைக்கிளை, திருட்டு என்று தெரியாமல் நீங்கள் காசு கொடுத்து வாங்கினாலும் அது உங்களுடையது ஆகாது. சொந்தக்காரர் வந்து, "அது என் வண்டி தம்பி" என்றால் கொடுத்துத்தான் ஆகணும்.

ஆனால் ஒரு பிக்பாக்கெட் ஆசாமி உங்கள் ஐந்நூறு ரூபாய் நோட்டை அடித்து, அதே தெருவில் பிரியாணி சாப்பிட்டுக் கல்லாவில் நீட்டுகிறான். கடைக்காரரிடம் போய், "அது என் நோட்டு, கொடுங்க" என்று கேட்க முடியுமா? "பிரியாணிக்குக் காசு யார் தருவா?" என்பார். அவர் கேட்பது நியாயம்தான்.

இந்த நியாயத்துக்கு வயசு இருநூற்று அறுபதுக்கு மேல். 1756 டிசம்பர் 11-ம் தேதி. லண்டனிலிருந்து ஒருத்தர் 21 பவுண்டு 10 ஷில்லிங் மதிப்புள்ள பாங்க் நோட்டைத் தபாலில் வெளியூருக்கு அனுப்புகிறார். அன்று ராத்திரியே தபால் வண்டியில் கொள்ளை. மறுநாள் அந்த நோட்டு மில்லர் என்ற சத்திரக்காரரிடம் வந்து சேருகிறது. அவர் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. முழு மதிப்புக்குக் கணக்குத் தீர்த்து நோட்டை வாங்கிக்கொள்கிறார். அதற்கும் மறுநாள், பணம் அனுப்பியவர் பாங்க் ஆஃப் இங்கிலாந்துக்கு ஓடி, "அந்த நோட்டுக்குப் பணம் தராதீர்கள்" என்கிறார். மில்லர் பணம் கேட்டு வந்தபோது ரேஸ் என்ற பாங்க் குமாஸ்தா பணமும் தரவில்லை, நோட்டையும் திருப்பித் தரவில்லை.

1758-ல் தீர்ப்பு சொன்னவர் மான்ஸ்ஃபீல்டு பிரபு. ஜெயித்தது யார்? சத்திரக்காரர்! பணம் போல் கைமாறும் ஒன்றை நல்ல எண்ணத்தோடு, விலை கொடுத்து வாங்கியவனைத் தண்டித்தால் வியாபாரமே நடக்காது என்பது அவர் வாதம்.

ஆக, தொலைந்த பேப்பரைச் சுற்றி எப்போதும் மூன்று பேர் நிற்கிறார்கள். தொலைத்தவர், பணம் தர வேண்டியவர், இடையில் தெரியாமல் வாங்கிய அப்பாவி. இந்த மூன்று பேருக்கும் நடுவில் நடக்கும் பஞ்சாயத்துதான் இதில் மொத்த சட்டமும்.

கண்டெடுத்தவருக்கு பட்டை நாமம்

நம் நாட்டில் இதற்கான சட்டம் 1881-ல் வந்தது. மாற்றுமுறை ஆவணச் சட்டம். செக் பவுன்ஸ் ஆனால் பயமுறுத்தும் 138-வது பிரிவு இருக்கிறதே, அதே சட்டம்தான். 138 எல்லோருக்கும் தெரியும். 8 தெரியுமா? 58 தெரியுமா?

8-வது பிரிவு: செக்கோ நோட்டோ தொலைந்துவிட்டால், அழிந்துவிட்டால், தொலைந்த நேரத்தில் அதற்கு உரிமையுள்ளவர் யாரோ, அவர்தான் தொடர்ந்து உரிமையாளர். பேப்பர் கையில் இல்லை என்பதற்காக உரிமை கைவிட்டுப் போகாது. வெள்ளத்தில் கூழானதும் இதில் அடக்கம்.

58-வது பிரிவு: தொலைந்ததைக் கண்டெடுத்தவர், திருடியவர், ஏமாற்றி வாங்கியவர், இவர்கள் மூலமாக வந்தவர் யாருக்கும் அந்தப் பணத்தைக் கேட்க உரிமை கிடையாது. ஒரே ஒரு விதிவிலக்கு, நம்ம சத்திரக்காரர் மாதிரி ஆள். விலை கொடுத்து, கெடு தாண்டுவதற்கு முன், கொடுத்தவரின் உரிமையில் கோளாறு இருக்கும் என்று சந்தேகப்பட இடமில்லாமல் வாங்கியவர். சட்டம் இவரை 'ஹோல்டர் இன் டியூ கோர்ஸ்' என்கிறது.

அதனால் உங்கள் வேலை ரொம்ப சிம்பிள். அந்த சத்திரக்காரர் உருவாகாமல் பார்த்துக்கொள்ளணும். எப்படி?

செக்கின் இடது மூலையில் இரண்டு கோடு போடுங்கள். கோடு போட்டால் கவுன்ட்டரில் பணம் வாங்க முடியாது, பாங்க் கணக்கு வழியாகத்தான் போகும். எடுத்தவன் தன் கணக்கு, தன் விலாசம், தன் மூஞ்சி எல்லாவற்றையும் காட்ட வேண்டிவரும். கோட்டுக்குள் 'அக்கவுன்ட் பேயீ' என்று எழுதினால் பேர் எழுதப்பட்டவரின் கணக்கில் மட்டும்தான் சேர்க்கணும் என்பது பாங்குகளுக்கு ரிசர்வ் வங்கி உத்தரவு. 'நாட் நெகோஷியபிள்' என்று எழுதினால் 130-வது பிரிவு காவலுக்கு வரும். கொடுத்தவனுக்கு இல்லாத உரிமை வாங்கியவனுக்கும் வராது. சத்திரக்காரரின் வாதமே அங்கே எடுபடாது.

'பேரர்' என்று அச்சடித்திருப்பதை அடிக்காமல், கோடும் போடாமல் கொடுக்கும் செக், கிட்டத்தட்ட ரூபாய் நோட்டுதான். கொண்டுவந்தவனுக்கு பாங்க் முறைப்படி, நல்ல எண்ணத்தோடு பணம் கொடுத்துவிட்டால் பாங்க் தப்பித்தது. நஷ்டம் பெரும்பாலும் தொலைத்தவர் தலையில். ஒரு பேனா, இரண்டு கோடு, ஒரு செகண்டு. இதற்குச் சோம்பல் பட்டால் அப்புறம் வக்கீல் வீட்டு வாசற்படி!

நெசவாளர் என்ன செய்யணும்?

பஸ்ஸில் செக்கைத் தொலைத்தாரே, அவரிடம் வருவோம். நேரே பாங்குக்குப் போய், "சார், அந்த செக்கை நிறுத்துங்க" என்பார். பாங்க் ஆபீசர் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்ப்பார்.

"உங்க அக்கவுன்ட்டா?"

"இல்லே சார், வியாபாரி அக்கவுன்ட்."

"அப்ப அவர்தான் எழுதித் தரணும்."

ஆபீசர் சொல்வது சரி. பேமென்ட்டை நிறுத்தச் சொல்லும் உரிமை செக் எழுதியவருக்குத்தான். ஆகவே முதல் போன் வியாபாரிக்கு. இரண்டாவது, அவருக்கே ஒரு கடிதம் அல்லது ஈ-மெயில். செக் நம்பர், தேதி, தொகை, எங்கே, எப்போது தொலைந்தது எல்லாம் அதில் இருக்கணும். அதன் நகலை அந்த பாங்குக்கும் கொடுங்கள். நிறுத்தும் உரிமை உங்களுக்கு இல்லாவிட்டாலும், தகவல் தெரிந்த பாங்க் கண்ணைத் திறந்துகொண்டு வேலை பார்க்கும்.

இதில் "நாளைக்குப் பார்த்துக்கலாம்" கூடாது. முன்பெல்லாம் செக் கிளியர் ஆக ஓரிரண்டு நாள் பிடிக்கும். 2025 அக்டோபர் 4 முதல் கிளியரிங் நாள் பூராவும் தொடர்ந்து நடக்கிறது. செக்கின் படங்கள் போய்க்கொண்டே இருக்கும். பணம் கட்ட வேண்டிய பாங்க் அன்று மாலை 7 மணிக்குள் பதில் சொல்லணும். நமக்கு வசதி, திருடனுக்கும் வசதி! நீங்கள் மத்தியானச் சாப்பாட்டை முடித்து ஒரு குட்டித் தூக்கம் போடுவதற்குள் காரியம் முடிந்துவிடலாம்.

செக்கை நிறுத்தியாச்சு. இனி புது செக் கேட்கணும். வியாபாரி முரண்டு பிடிக்கலாம். "நான்தான் ஒரு தடவை கொடுத்துட்டேனே அண்ணே. நீங்க தொலைச்சா நான் என்ன பண்ண?"

செக் கொடுத்ததாலேயே கடன் தீர்ந்துவிடுவதில்லை. பணம் வந்து சேர்ந்தால்தான் தீரும். 45-ஏ என்று 1885-ல் சேர்த்த ஒரு பிரிவு இருக்கிறது. கெடு தாண்டும் முன் தொலைந்த 'பில்'லுக்குப் பதில் அதே மாதிரி இன்னொன்று கேட்கலாம், மறுத்தால் கோர்ட் மூலம் வாங்கலாம் என்கிறது அது. சட்டத்தின் விளக்கப்படி செக்கும் ஒருவகை பில்தான்.

ஆனால் வியாபாரிக்கும் ஒரு பயம் இருக்கிறது, அதுவும் நியாயம். புது செக்குக்கும் பணம் கட்டி, பழைய செக்கோடு ஒரு சத்திரக்காரர் வந்து நின்றால்? அதற்குத்தான் அவர் உங்களிடம் 'இன்டெம்னிட்டி' கேட்கலாம். "நாளைக்கு இந்த பழைய செக்கால் உங்களுக்கு நஷ்டம் வந்தால் அதை நான் ஏத்துக்கறேன்" என்று எழுதித் தரும் உறுதிப் பத்திரம். சட்டமே அதற்கு அவருக்கு உரிமை கொடுக்கிறது. "என்னை நம்பலையா?" என்று கோபப்பட வேண்டாம். எழுதிக் கொடுத்துவிட்டு செக்கை வாங்குங்கள்.

செக்கை நீங்கள் தொலைக்கவில்லை, டெபாசிட் செய்த பிறகு பாங்கே தொலைத்தது என்றால்? ரிசர்வ் வங்கி விதிப்படி பாங்க் உடனே உங்களுக்குத் தெரிவிக்கணும். டூப்ளிகேட் வாங்க ஆகும் செலவையும், அதனால் ஆகும் தாமதத்துக்கு வட்டியையும் தரணும். சலானில் சீல் வாங்காமல் பெட்டியில் போட்டுவிட்டு விசிலடித்துக்கொண்டு போனவர்களுக்கு இதை நிரூபிப்பது கொஞ்சம் கஷ்டம்!

"தொலைஞ்சு போச்சு" என்று சொன்னால் போதுமா?

இப்போது மறுபக்கம். உங்கள் செக் புக்கிலிருந்து, நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒரு வெற்று லீஃப் தொலைகிறது. (ஏன் சார் வெற்றாகக் கையெழுத்துப் போட்டு வைக்கிறீர்கள்? "அவசரத்துக்கு" என்பீர்கள். யாருடைய அவசரத்துக்கு?) யாரோ தொகையை நிரப்பி பாங்கில் போடுகிறார்கள். நீங்கள் நிறுத்தச் சொல்லியிருந்ததால் செக் திரும்புகிறது. கதை முடிந்தது என்று நினைக்கிறீர்கள். 138-ல் நோட்டீஸ் வருகிறது!

கர்நாடகத்தில் ராணிபென்னூரில் நடந்த விவகாரம் இது. வீடு கட்டிய ஒரு மெக்கானிக். கட்டுமானத்தை மேற்பார்வை பார்த்த ஒரு சிவில் இன்ஜினீயர். தான் கொடுத்த பணத்துக்காக வந்தது என்று இன்ஜினீயர் 45,000 ரூபாய் செக்கை 2001 பிப்ரவரியில் பாங்கில் போட, 'பேமென்ட் நிறுத்தப்பட்டது' என்று திரும்பியது. மெக்கானிக் சொன்ன பதில்: "அது நான் தொலைத்த வெற்று செக். கிடைத்ததை வைத்து மோசடி செய்கிறார்."

கீழ்க்கோர்ட் விடுதலை செய்தது. ஹைகோர்ட் குற்றவாளி என்றது. 2010 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டும் ஹைகோர்ட் பக்கமே நின்றது. சட்டப் புத்தகங்களில் 'ரங்கப்பா எதிர் ஸ்ரீமோகன்' என்று இன்றும் தினம் தினம் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு.

ஏன் தோற்றார்? கையெழுத்து தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டார். கையெழுத்தை ஒப்புக்கொண்ட நிமிஷமே, கொடுக்க வேண்டிய பாக்கிக்காகத்தான் அந்த செக் என்று சட்டம் அனுமானிக்கும். அப்படி இல்லை என்று நம்பும்படியாகக் காட்டுவது அவர் பொறுப்பு. அதைச் செய்யவில்லை. எல்லாவற்றையும் விட, நோட்டீஸ் வந்தபோது பதிலே போடவில்லை. உண்மையிலேயே தொலைந்திருந்தால் அன்றைக்கே, "அய்யா, அது தொலைந்த செக்" என்று கத்தியிருக்க மாட்டாரா என்று யோசிப்பது மனித சுபாவம். கோர்ட்டுக்கும் அதே சுபாவம்தான்.

பேமென்ட்டை நிறுத்தினால் 138 வராது என்று ஒரு நம்பிக்கை ஆபீஸ் கேன்டீன்களில் உலவுகிறது. 1998-ல் மோடி சிமென்ட்ஸ் வழக்கிலேயே சுப்ரீம் கோர்ட் அந்தக் கதவைச் சாத்திவிட்டது. நிறுத்தினாலும் 138 வரும். ஆனால் கணக்கில் பணமும் இருந்தது, நிறுத்தியதற்கு நியாயமான காரணமும் இருந்தது என்று காட்டினால் தப்பிக்கலாம் என்று 2002-ல் வெளியான எம்.எம்.டி.சி. தீர்ப்பு வழிவிட்டது. உண்மையாகத் தொலைத்தவருக்கு அது போதும். கடனைக் கொடுக்காமல் இருக்க, "தொலைஞ்சு போச்சு" என்று கதை விடுகிறவருக்கு அது உதவாது.

சீட்டுக் கம்பெனிக்கும் ஃபைனான்ஸ்காரருக்கும் ஜாமீனாக வெற்று செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்களாகக் கொடுத்த வெற்று செக்கை வேறொருத்தர் நிரப்பினாலும் அந்த அனுமானம் உங்களுக்கு எதிராகத்தான் நிற்கும் என்று 2019-ல் பீர்சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. கொடுத்தது வேறு, தொலைத்தது வேறு. கடனைத் தீர்த்த அன்றைக்கே செக்கைத் திரும்ப வாங்குங்கள்.

கையெழுத்தும் திருட்டு என்றால்?

வெற்று லீஃபைத் திருடி உங்கள் கையெழுத்தையும் அவனே போட்டுவிட்டால் நிலைமை உங்களுக்குச் சாதகம். மங்களூரில் ஒரு கம்பெனி. செக் புக்கைப் பாதுகாத்த கணக்காளரே நிர்வாக இயக்குநரின் கையெழுத்தைப் போட்டு 42 செக்குகளில் மூன்று லட்சத்துக்கு மேல் எடுத்துவிட்டார். "மாசா மாசம் கணக்கு அனுப்பினோமே, நீங்க பார்க்க வேண்டாமா?" என்றது பாங்க். போலிக் கையெழுத்துள்ள செக் செக்கே இல்லை, அதற்குப் பணம் கொடுக்க வாடிக்கையாளர் உத்தரவே கொடுக்கவில்லை, பாஸ்புக் பார்க்காதது பாங்குக்குச் சாக்கு ஆகாது என்று 1987-ல் சுப்ரீம் கோர்ட் கனரா சேல்ஸ் கார்ப்பரேஷன் வழக்கில் தீர்ப்பளித்தது.

அதற்காக பாஸ்புக் பார்க்காமல் இருக்க வேண்டாம். ஜெயித்த வழக்குக்கும் வருஷக் கணக்காக அலையத்தான் வேண்டும்!

டி.டி.: பதினைந்து நாள் பொறுமை

ஜெராக்ஸ் கடையில் டி.டி.யை விட்டவர் கொஞ்சம் அதிர்ஷ்டசாலி. டி.டி.யில் பணம் தர வேண்டியது பாங்க், அதுவும் முன்கூட்டியே காசை வாங்கிக்கொண்ட பாங்க். ஆனால் செக்கைப் போல, "நிறுத்துங்க சார்" என்று சொன்னதும் நிற்காது. அது பாங்கே கொடுத்த வாக்கு.

வாங்கியவர் என்ற முறையில் டி.டி. எடுத்த கிளையில் எழுத்து மூலம் டூப்ளிகேட் கேட்கணும். இங்கேயும் இன்டெம்னிட்டி உண்டு. 5,000 ரூபாய் வரையிலான டி.டி.க்கு, பணம் கட்ட வேண்டிய கிளையிலிருந்து, "இன்னும் பணம் போகவில்லை" என்ற தகவல் வரும்வரை காத்திருக்காமலே டூப்ளிகேட் தரலாம். விண்ணப்பம் கொடுத்து இரண்டு வாரத்துக்குள் தரணும் என்பது ரிசர்வ் வங்கி விதி. தாண்டினால் அந்தத் தாமதத்துக்கு ஃபிக்சட் டெபாசிட் கணக்கில் வட்டி. "மேனேஜர் லீவு" என்பது விதியில் இல்லை. பாங்க் 30 நாளில் உங்கள் புகாரைத் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மனிடம் காசு செலவில்லாமல் போகலாம்.

2018 செப்டம்பர் 15 முதல் டி.டி.யில் எடுத்தவரின் பேரையும் அச்சடிக்கிறார்கள். தொலைத்தவர், "நான்தான் எடுத்தேன்" என்று நிரூபிக்க இது பெரிய ஒத்தாசை.

புரோநோட்டு: கூழானாலும் கோர்ட் கேட்கும்

கடைசியாக ரிடையர்டு பெரியவர். இவர் நிலைமைதான் கொஞ்சம் சிக்கல். நடுவில் பாங்க் இல்லை. எதிரில் நிற்பது கடன் வாங்கியவர் மட்டும். நோட்டு போன சேதி தெரிந்ததும், "என்ன நோட்டு? என்ன கடன்?" என்று கேட்கும் ஆற்றல் சிலருக்கு உண்டு.

ஒரு காலத்தில் இங்கிலாந்தில் இதற்கு மருந்தே இல்லை. பேப்பரைக் காட்டு, இல்லாவிட்டால் போ என்று 1827-ல் ஒரு தீர்ப்பு. பிறகு 1854-ல் சட்டம் இறங்கிவந்தது. நம் ஊர் சிவில் நடைமுறைச் சட்டம் 1908-லிருந்து இதற்குத் தனி விதியே வைத்திருக்கிறது. ஆர்டர் 7, ரூல் 16. வக்கீலிடம் இந்த இரண்டு நம்பரைச் சொல்லிப் பாருங்கள், உங்களுக்கு நாற்காலி போடுவார்.

விதி சொல்வது: நோட்டு தொலைந்தது என்று நிரூபி. அதை வைத்து வேறு யாராவது உரிமை கொண்டாடினால் பொறுப்பு ஏற்பதாக கோர்ட் திருப்திப்படும்படி இன்டெம்னிட்டி கொடு. நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வழக்குப் போட்டிருந்தால் என்ன டிகிரி கிடைத்திருக்குமோ, அதே டிகிரியை கோர்ட் கொடுக்கலாம்.

அந்த நோட்டில் என்ன எழுதியிருந்தது என்று காட்ட ஜெராக்ஸ், சாட்சிக் கையெழுத்துப் போட்டவர், பாங்க் கணக்கில் பணம் போன பதிவு, "அடுத்த மாசம் வட்டி தர்றேன் சார்" என்று அவர் அனுப்பிய மெசேஜ் எல்லாம் துணை வரும். ஒரிஜினல் தொலைந்தால் நகலை சாட்சியமாகக் காட்டலாம் என்பது பழைய சாட்சியச் சட்டத்திலும் உண்டு, 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த புதுச் சட்டத்திலும் உண்டு.

இதில் இரண்டு பள்ளம் இருக்கிறது. பார்த்து நடக்கணும்.

ஒன்று ஸ்டாம்ப். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டாத புரோநோட்டை அபராதம் கட்டிக்கூட கோர்ட்டில் காட்ட முடியாது. ஒரிஜினலுக்கே மதிப்பில்லை என்றால் ஜெராக்ஸுக்கு எங்கிருந்து வரும்? 1938-ல் மெட்ராஸ் ஹைகோர்ட் ஃபுல் பெஞ்ச், பெருமாள் செட்டியார் எதிர் காமாட்சி அம்மாள் வழக்கில் ஒரு படி மேலேயே போனது. கடனின் நிபந்தனைகள் மொத்தமும் அந்த நோட்டில் அடங்கியிருந்து, ஸ்டாம்ப் சரியில்லை என்றால், நோட்டை விட்டுவிட்டு, "கடன் கொடுத்தேனே" என்று தனியாகவும் கேட்க முடியாது. ஒரு சின்ன ஸ்டாம்ப்பில் மிச்சம் பிடிக்கப் போய் ஒரு லட்சத்தைத் தொலைக்காதீர்கள்.

இரண்டு, காலக்கெடு. நோட்டின் தேதியிலிருந்து மூன்று வருஷம். அதற்குள் வழக்கு, இல்லையென்றால் அவர் கையெழுத்தோடு, "பாக்கி உண்டு" என்று ஒரு எழுத்து. அந்தத் தேதியிலிருந்து மூன்று வருஷம் புதிதாக ஓடும். நோட்டு தொலைந்தது தெரிந்தவுடன், உறவு நன்றாக இருக்கும்போதே, "தம்பி, பழசு மழையில போச்சு. புதுசா ஒண்ணு எழுதிக் குடுத்துடுப்பா" என்று கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம்.

கடன் வாங்கியவரே, நீங்களும் கேளுங்க!

இந்தச் சட்டம் கடன் கொடுத்தவருக்கு மட்டும் இல்லை. கஷ்டப்பட்டு அசலும் வட்டியும் அடைக்கிறீர்கள். நோட்டைக் கேட்டால், "அது எங்கியோ தொலைஞ்சு போச்சு தம்பி, நீ போ, நான் பார்த்துக்கறேன்" என்கிறார் அவர். சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். மூணு மாசம் கழித்து அதே நோட்டு வேறொருத்தர் கையில் முளைக்கலாம்.

81-வது பிரிவு உங்கள் பக்கம். பணம் கொடுப்பதற்கு முன் நோட்டைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். கொடுத்ததும் அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். தொலைந்தது என்றால் இன்டெம்னிட்டி கேட்கலாம். கேட்பது மரியாதைக்குறைவு இல்லை, உங்கள் உரிமை. ரசீதும், "இந்தக் கடன் முழுவதும் தீர்ந்தது" என்ற எழுத்தும் கையில் வந்த பிறகு காபி சாப்பிடுங்கள்.

இது வெள்ளைக்காரன் கற்றுக்கொடுத்த வித்தை மட்டும் என்று நினைக்க வேண்டாம். வட இந்திய வியாபாரிகளின் ஹுண்டி வழக்கத்தில் தொலைந்த ஹுண்டிக்குப் பதில் எழுதுவதற்கு 'பேட்' என்று பெயர். அதுவும் தொலைந்தால் 'பர்பேட்' என்று மூன்றாவது. மனுஷன் தொலைப்பான் என்பது வியாபாரிக்கு முதலிலேயே தெரியும்.

கிழித்து வைத்துக்கொள்ள...

● செக்கானாலும் டி.டி.யானாலும் நோட்டானாலும் கை மாறும் முன் இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். செல்போன் எதற்கு இருக்கிறது, சினிமா பார்க்க மட்டுமா?

● தொலைந்தது தெரிந்த அன்றே: உங்கள் சொந்த செக் என்றால் பாங்குக்கு, வாங்கிய செக் என்றால் கொடுத்தவருக்கு. வாயால் சொன்னால் போதாது. எழுத்து, தேதி, நேரம், அத்தாட்சி வேணும்.

● திருட்டு என்றால் போலீஸ் ஸ்டேஷனில் புகார். சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வராதீர்கள்.

● 138 நோட்டீஸ் வந்தால் பதினைந்து நாளுக்குள் பதில். செக் தொலைந்த கதையை முதல் பதிலிலேயே சொல்லணும். கூண்டில் ஏறிய பிறகு ஞாபகம் வந்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

● 50,000 ரூபாய்க்கு மேல் செக் எழுதினால் 'பாசிட்டிவ் பே' வசதியில் நம்பர், தேதி, பேர், தொகையை பாங்குக்கு முன்கூட்டியே தெரிவியுங்கள். 2021 முதல் இருக்கிறது. தொகையைத் திருத்தினவன் அங்கேயே மாட்டுவான்.

● செக்குக்கு ஆயுள் மூன்று மாசம். "கெடு முடிஞ்சா தானா செத்துடும்" என்று சும்மா இருக்காதீர்கள். அந்த மூன்று மாசமும் அது உயிரோடு எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கிறது.

அமெரிக்காவில் 2008-க்குப் பிறகு வீட்டுக் கடன்கள் மொத்தமாக மூழ்கியபோது, வீட்டை ஏலம் விட வந்த பல பாங்குகளிடம் ஒரிஜினல் நோட்டே இல்லை. "தொலைந்துவிட்டது" என்று பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தார்கள். எப்போது, யாரிடமிருந்து தொலைந்தது என்று நீதிபதிகள் கேட்க ஆரம்பித்ததும் பல இடங்களில் திண்டாட்டம். கோடி கோடியாகப் புரட்டும் பாங்குக்கும் அதே கேள்விதான், அனகாபுத்தூர் நெசவாளருக்கும் அதே கேள்விதான்: தொலைந்தபோது அது உன்னுடையதா, தொலைந்ததும் என்ன செய்தாய்?

இரண்டுக்கும் எழுத்தில் பதில் வைத்திருப்பவருக்குப் பணம் வரும். மற்றவர்களுக்கு வருவது அனுபவம்!